கறுப்புத் திரையில் காப்பி எடுத்தவள்

வெள்ளிக்கிழமை காலை, அம்மனுக்குச் சார்த்தும் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு சாமுண்டி மலை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் ஆபீஸ் அட்டை மாட்டிய இரண்டு பெண்கள்.

“கம்ப்யூட்டர்ல கட்டளை தட்டற அந்தக் கறுப்புத் திரையில போயி யாராவது கன்ட்ரோல் சி அமுக்குவாங்களாடி?” என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள்.

“காப்பி எடுக்கத்தான்டி அமுக்கினேன். எல்லாத்துலயும் அப்படித்தானே?” என்றாள் மற்றவள்.

“அங்க மவுஸால இழுத்தாலே காப்பி ஆயிடும். கன்ட்ரோல் சி அமுக்கினா ஓடற வேலை நின்னு போயிடும். ரெண்டு வருஷமா அங்க உக்காந்து கோலமா போட்டுட்டிருந்த?”

“பத்து மணி நேரமா ஓடின வேலை. மேனேஜர் கேட்டாரு, நெட்வொர்க் கட் ஆச்சுன்னுட்டேன். இப்ப நெட்வொர்க் பாக்கிற பொண்ணைக் கூப்பிட்டுத் திட்டறாராம். பயமா இருக்கு.”

“அவளை மாட்டிவிட்டுட்டு நீ தேங்காய் உடைக்கக் கிளம்பிட்டியா? நல்லாருக்குடி உன் பக்தி.”

மற்றவள் போனை எடுத்து மேனேஜருக்கு மெசேஜ் தட்டினாள். ஜன்னலோரத்தவள் எட்டிப் படித்தாள்.

“‘ஏதோ தப்பு நடந்துடுச்சு’ன்னா அந்தப் பொண்ணை யாரு விடுவாங்க? நான்தான் பண்ணினேன்னு எழுது. அனுப்பாம கோயிலுக்குள்ள கால் வைக்காதே.”

மலை மேல் பஸ் நின்றதும் எல்லோரும் இறங்கினோம். அவள் மட்டும் சீட்டிலேயே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள்.