சனிக்கிழமை வாங்காத கயிறு

இன்று காலை ஏழே காலுக்கு ராகலையிலிருந்து நுவரெலியாவுக்குப் புறப்பட்ட பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் தோட்டத்துப் பெண்கள் இருவர் இருந்தார்கள். மூத்தவளுக்கு நாற்பது இருக்கும். இளையவள் பெயர் செல்லம்மா. அவள் கணவன் கொழும்பில் இருப்பதும், கைக்குழந்தை இறந்து இரண்டு மாதம் ஆவதும் பேச்சிலிருந்து தெரிந்தது.

“டாக்டரையா கேட்டா ஒண்ணும் மறைக்காத. வேல விட்டதும் ஒன் கூடைக் கயித்த நான் வாங்கி வச்சுக்கிறதையும் சொல்லு” என்றாள் மூத்தவள்.

கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டும் கயிறு அது. இரவில் அது செல்லம்மாவின் கையில் இருக்கக்கூடாது என்றுதான் வாங்கி வைக்கிறாள் என்பது புரிந்தது.

“காலையில பெரட்டுல பேரு பதியிறப்பவே திருப்பித் தர்றேன்ல? வேலைக்கு ஏதும் கொறச்சலா?”

“இல்லக்கா. ஆனா சனிக்கிழம நீங்க வாங்கல.”

“மறுநாள் வேல இல்லையேன்னு…” மூத்தவளின் குரல் நின்றது. “ஐயோ! ஞாயித்துக்கிழம என்னடி செஞ்ச?”

“விடிஞ்சதும் கயித்த ஒங்ககிட்ட குடுத்துடலாம்னு எடுத்துக்கிட்டு ஒங்க காம்பராவுக்கு வந்தேன். பூட்டியிருந்துச்சு.”

“கடைக்கில்ல போயிருந்தோம்!”

“நீங்க வர்ற வரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தேன். அப்புறம் கயித்த முந்தானையில மறைச்சுக்கிட்டு, சீனி கேக்க வந்தேன்னு பொய் சொன்னேன்.”

“சீனியக் குடுத்து அனுப்பிட்டேனே, பாவி!”

கந்தப்பளை தாண்டியபோது மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“இன்னைக்கிருந்து எங்க காம்பராவுல, எம்பக்கத்துல படு.”

“மாமா எங்க படுப்பாரு?”

“அவரு வெளிய இஸ்தோப்புல படுக்கட்டும். கொறட்டச் சத்தமாவது கொறையும்.”