பலகையின் மேல்வரி

என் மைத்துனன் எனக்குத் தரவேண்டியிருந்தது பதினெட்டாயிரத்து அறுநூறு. பெரிய தொகை இல்லை, ஐயா. பணத்துக்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

ஆய்வுக்கூடத்தில் எனக்கு வாயு சிலிண்டர் தள்ளுகிற வேலை. மனைவி நச்சரித்ததால், வீட்டில் சும்மா கிடந்த அவள் தம்பியையும் நான்தான் அங்கே சேர்த்துவிட்டேன். காந்த அறையில் ஆளுயரப் பீப்பாய் மாதிரி ஒன்று நிற்கும். அதுதான் காந்தம். டாக்டரம்மா ஏதோ காந்தப் பொடியைக் கண்ணாடிக் குழாயில் போட்டு அதற்குள் இறக்குவார். ரேடியோ அலை அனுப்புவார். "சரியான அலையில கேட்டாத்தான் பொடி பதில் சொல்லும்" என்பார். என்னிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

மைத்துனன் அவரிடம் அடிக்கடி குசுகுசுப்பான். நான் போனால் பேச்சு நின்றுவிடும்.

"என்ன மாப்ள, ரகசியம்?"

"அது பெரிய மனுஷங்க விஷயம் மாமா" என்று பல்லைக் காட்டுவான்.

எனக்கு முதுகு வளைந்துவிட்டது. என் வேலைக்கு அடிபோடுகிறான் என்று தெரிந்துகொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அறைக்கதவில் ஒரு பலகை உண்டு. முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்தபின் நான் முதலில் கூட்டி வாசித்தது அதைத்தான். மேல்வரி: மின்சாரம் நின்றாலும் காந்தம் நிற்காது. கீழ்வரி: இரும்பு உள்ளே வரக்கூடாது.

"அதுல என்ன மாமா எழுதியிருக்கு?" என்று ஒருநாள் கேட்டான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. "காந்தம் வேல செய்யுறப்போ இரும்பு கூடாதாம்" என்றேன். மேல்வரியை வாசிக்கவில்லை.

பிறகு ஒருநாள் மின்சாரம் போனது. எப்போதும் இரும்பு சிலிண்டரை வாசலிலேயே நிறுத்தி, உள்ளே வாயு போக நீளக் குழாய் மாட்ட வேண்டும். அது பெரும்பாடு.

"கரண்ட் இல்லியே மாமா, காந்தம் தூங்குதா? நேரா உள்ள கொண்டு போயிடலாமா?"

"வெளக்கே எரியல, பாரேன்."

பொய் இல்லை. விளக்கு எரியவில்லைதான்.

அவன் வண்டியை இழுத்தபடி பின்பக்கமாக நடந்தான். வழக்கமாக நான் பின்னால் பிடித்துக்கொள்வேன். அன்று வாசல் தாண்டியதும் கையை எடுத்துவிட்டேன். சிலிண்டர் அவனைவிட வேகமாகப் போனது. ஒரே சத்தம்தான்.

அடக்கம் முடிந்து டாக்டரம்மா ஓர் உறையோடு வீட்டுக்கு வந்தார்.

"சம்பளத்துல கொஞ்சங்கொஞ்சமா எங்கிட்ட குடுத்து வச்சிருந்தாரு, இந்த மாசத்தோட முடிஞ்சுது. மொத்தமா சேந்ததும் மாமா கையில குடுத்து அசத்தணும், அதுவரைக்கும் மூச்சு விடாதீங்கன்னாரு."

மனைவி உறையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். அவள் தூங்கியபின் எடுத்து எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

இனி எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு பாக்கியும் இல்லை, ஐயா.