தோல் வளராத தூள்

ஜன்னல் திறந்தே இருக்கட்டும், எனக்குத் தொந்தரவு இல்லை. இந்த மக்காய் ஊரில் கரும்பாலை ஓடத் தொடங்கிவிட்டால் பாகு வாசம் தலையணை வரைக்கும் வந்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்குக் குமட்டும். எனக்கு அது இல்லாவிட்டால்தான் தூக்கம் வராது.

நீங்கள் இமொஜென் டக்வெல்லைப் பற்றிக் கேட்டீர்கள். அதை அவள் அப்பாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

கிரேம் டக்வெல் எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவர். ஆலையில் மிஞ்சும் கரும்புச் சக்கையைக் காற்றுப்படாமல் சூடாக்கி எண்ணெயாக்குவது எங்கள் வேலை. கறுப்பாக, புளித்த நாற்றத்தோடு வரும். அதிலிருக்கிற ஆக்சிஜனை எடுக்காமல் எஞ்சினில் ஊற்றினால் எஞ்சின் அரித்துப்போகும். எடுக்க ஒரு வினையூக்கி வேண்டும். பிளாட்டினம் நன்றாகச் செய்யும், ஆனால் அந்த விலை யாருக்கும் கட்டாது. நான் மாலிப்டினத்தையும் கரியையும் சேர்த்து ஒரு கார்பைடு செய்தேன். பார்க்கச் சாம்பல் நிறத் தூள், அவ்வளவுதான். அதற்காக நான் உலை முன்னால் நின்ற வருடங்களில் என் கணவர் வீட்டைவிட்டுப் போனார். அவர் போனதே எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. குழாயிலிருந்து முதன்முதலாகத் தண்ணீர்போலத் தெளிந்த எரிபொருள் சொட்டியபோது கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

பிரிஸ்பேனில் விருது கொடுத்தார்கள், கிரேமுக்கு. மேடையில் அவர் என்னைக் கைகாட்டி, "நம்ம கோரின் இல்லேன்னா உலையும் சூடாகாது, டீத்தண்ணியும் சூடாகாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திரும்பி வந்ததும் அவர் அறைக்குப் போனேன்.

"அது என் தூள், கிரேம்."

"யாரு சமைச்சா என்ன கோரின், ருசியா இருந்தா சரிதானே? நீ ரொம்பக் களைச்சுப்போயிட்டே. கொஞ்சநாள் உலைப்பக்கம் போகாம இரு."

கொஞ்சநாள் என்றார். என்னைப் பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றிவிட்டார். கண்ணாடி போடுங்கள், கையுறை மாட்டுங்கள் என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. நான் கோபப்படவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இமொஜென் அந்தச் சமயத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். முனைவர் பட்டம் வாங்கியவள், கெட்டிக்காரி. மத்தியானம் எனக்கும் சேர்த்து மாம்பழம் அறுத்துக்கொண்டு வருவாள். ஒருநாள் கொட்டையைச் சப்பிக்கொண்டே சொன்னாள்: "காப்புரிமைல உங்க பேரு இல்லாதது அசிங்கம்னு அப்பா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"உன் வேலையப் பாருன்னாரு. நான் விடமாட்டேன் கோரின், பாத்துக்கிட்டே இருங்க. அவரு என்கிட்ட ஜெயிச்சதே இல்ல."

அது உண்மை. கிரேமுக்கு மனைவி இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. மகள் உள்ளே நுழைந்தால் அந்த மனிதரின் முகமே மாறிவிடும். அவருக்கு வலிக்கிற இடம் பதவியில்தான் இருக்கிறது என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்தத் தூளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உலையிலிருந்து வந்த சூட்டோடு அதில் காற்றுப் பட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆறிய பிறகும் அப்படித்தான். அதனால் மிக லேசாகக் காற்றைக் காட்டி, மேலே ஒரு மெல்லிய தோல் வளரவிடுவோம். பிறகு அது கோதுமை மாவைப்போலச் சும்மா கிடக்கும்.

ஆலை முதலாளிகள் பார்க்க வரவிருந்தார்கள். அவர்களுக்குக் காட்டும் தூளைச் சோதித்துச் சீட்டு ஒட்டுவது என் பொறுப்பு. அதற்கு நான் தோல் வளரவிடவில்லை. அப்படியே ஜாடியில் அடைத்து, திறக்கலாம் என்று சீட்டு ஒட்டினேன். பாதுகாப்பு அதிகாரி ஒட்டிய சீட்டை யார் சந்தேகப்படுவார்கள்? பக்கத்தில் ஸ்பிரிட் பாட்டிலை மூடாமல் வைத்ததும் நான்தான்.

விருந்தினர் முன்னால் மகள்தான் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று கிரேம் ஆசைப்பட்டார். அது எனக்குத் தெரியும். நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அவரையே திறக்க வைத்திருக்கலாம். ஆனால் அவர் எரிந்துபோயிருந்தால் இழப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இமொஜென் ஜாடியைக் கையில் எடுத்து என்னைப் பார்த்தாள். "திறக்கலாமா கோரின்?"

நான் தலையசைத்தேன்.

கையுறை போட்டிருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்தது எதையும் அவள் விடவில்லை. எரிந்துகொண்டிருந்தவளை இழுத்துக்கொண்டுபோய் அவசரக் குழாயின் தண்ணீருக்கடியில் நிறுத்தியது நான்தான். முறைப்படி செய்தேன். ஆஸ்பத்திரியில் கிரேம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இருந்ததாலதான் அவ கடைசியா என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினா" என்று அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். இப்போது அவர் வேலைக்கு வருவதில்லை. துறைமுகப் பக்கம் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாராம்.

அதோடு முடிந்திருக்கும். நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

விசாரணைக் குழு அந்தத் தூளே நிலையற்றது, எதற்கும் உதவாது என்று சொல்லிவிட்டது. திட்டத்தை மூடிவிட்டார்கள். இருந்த தூளையெல்லாம் சிமெண்டில் கலந்து புதைத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் கேட்டதற்குக் கிரேம், "அந்தத் தூளை நான் கண்டுபிடிச்சிருக்கவே கூடாது" என்றார். மகளைப் புதைத்த பிறகும் 'நான்' என்றுதான் சொன்னார்.

தூளில் ஒரு குறையும் இல்லை. தோல் வளர்ந்ததை உள்ளங்கையில் கொட்டி வைத்துக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது. அதை எரியவிட்டது நான். இமொஜெனைக் கொன்றது நான். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதைக் கண்டுபிடித்தவள் நான் என்பதை முதலில் எழுதுங்கள்.