தொப்பியைத் தூக்கும் வரை

படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது, அதிகாரியம்மா. பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் கழுத்துக்குக் கீழே உணர்ச்சி மங்கிப்போனவனுக்கு அந்தச் சுருக்கமே புண்ணாகிவிடும். வலிக்காது, அதனால் அவன் சொல்லமாட்டான். நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். என் மகன் எலாடியோவின் முதுகில் இந்த மூன்று வருஷத்தில் ஒரு புண் வந்ததில்லை. நீங்களே புரட்டிப் பார்க்கலாம். ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கமாட்டார்கள் என்று, என்மேல் புகார் கொடுத்த அந்த யாமிலெத்தே ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

இவனை ஏற்றிப்போகிற வண்டி வர நேரமாகும் என்கிறீர்கள். உட்காருங்கள். காபி இருக்கிறது, காலையில் சுட்ட ரொஸ்கீயா இருக்கிறது. சோளமாவும் பாலாடைக்கட்டியும் பிசைந்து வளையம் வளையமாகச் சுட்டது, வேறெதுவும் கலக்கவில்லை. காபியிலும் ஒன்றுமில்லை. பயப்படாமல் சாப்பிடலாம்.

நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒளிக்க என்ன இருக்கிறது? செய்ததை எல்லோருக்கும் முன்னால்தான் செய்தேன். ஊரே கைதட்டியது.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் டெல்ஃபின் எல்லை தாண்டி வடக்கே வேலைக்குப் போனான். போனவன் போனவன்தான். உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாது. அவன் கிளம்பிய அன்று வாசலில் நின்று சிரித்த முகத்தோடு கையசைத்தேன். நான் செய்த தவறு அதுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

இளையவன் எலாடியோ காளை ஏறுகிறவன், திருவிழாக் களத்தில் துள்ளும் காளைமேல் சவாரி செய்கிறவன். இந்தக் குவானகாஸ்தே பக்கத்தில் காளை ஏறாத வீடு ஏது? அதை நான் தடுக்கவில்லை. காளை ஏறப் போகிறவன் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவான். லிசெத் என்ற பெண்ணோடு பழகிக்கொண்டிருந்தான். ஜனவரித் திருவிழாவுக்கு முந்தின வாரம் அடுப்படியில் வந்து நின்றான்.

“திருவிழா முடிஞ்சதும் நானும் லிசெத்தும் லிமோன் கிளம்பறோம்மா. அவளோட மாமா துறைமுகத்துல வேலை பேசி வச்சிருக்காரு.”

“இங்க என்னடா குறைச்சல் உனக்கு?”

“ஒரு குறைச்சலும் இல்ல. அதான் பிரச்சினையே. இருபத்தாறு வயசுல எனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடறே. பசங்க சிரிக்கிறாங்க.”

“சிரிக்கட்டும். அவனுங்க அம்மாக்களுக்குக் கை இல்ல போல.”

அவனும் சிரித்துவிட்டான். “லிமோன் என்ன நிலாவுலயா இருக்கு? பஸ் ஏறினா ஒரு பகல்தான். நீ வா, உனக்கு மீன் வறுத்துத் தர்றேன்” என்றான். டெல்ஃபினும் இப்படித்தான் ‘வா வா’ என்று சொல்லிவிட்டுப் போனான். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

காளைக்களத்தில் கடை போடுகிற பெண்கள் எல்லோரும் திருவிழாவுக்கு முன்னால் முதலுதவி வகுப்புக்குப் போக வேண்டும், இல்லையென்றால் அனுமதி கிடையாது. தீக்காயத்துக்கு என்ன செய்வது, மயங்கி விழுந்தால் என்ன செய்வது, இதைத்தான் சொல்லித் தருவார்கள் என்று நினைத்துப் போனேன். அந்த வாத்தியார் நான் கொண்டுபோயிருந்த ரொஸ்கீயாக்களை வாங்கி ஒரு நூலில் கோத்தார். “இதுதான் முதுகெலும்பு, உள்ள இருக்கிற நூல்தான் தண்டுவடம்” என்றார். ஒரு வளையத்தை விரலால் நொறுக்கினார். “பாருங்க, எலும்பு ஒடைஞ்சிருச்சு, நூல் அறுந்திருச்சா? இல்ல. இவன் பொழச்சுக்குவான், நடப்பான். ஆனா நீங்க பாசத்துல ஓடிவந்து தூக்குவீங்க பாருங்க, அப்பதான் ஒடைஞ்ச முனை நூலை அறுக்கும். படுக்கவச்சுத் தூக்குற பலகை வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது.” நல்ல வாத்தியார். எனக்கு நன்றாகப் புரிந்தது. மற்றவர்கள் மிச்ச ரொஸ்கீயாவைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். காளையிலிருந்து விழுந்தவன் எழுந்து நின்று தொப்பியைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதுவரைக்கும் பேண்டு நிற்காது, அதே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். எழுந்திருக்காவிட்டால் அவனைக் காளை வைத்துக்கொண்டது என்பார்கள். அந்தப் பேச்சு வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளும். அதனால் கால் ஒடிந்தவனையும் இரண்டு பேர் தோள்கொடுத்து நிறுத்திவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் குற்றம் என்று சொன்னதில்லை.

எலாடியோ விழுந்தான். பிடரி மண்ணில் பட மல்லாந்து விழுந்தான். காளையை ஓரமாக ஓட்டிவிட்டார்கள். என் கடை தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில்தான். அவன் பூட்ஸைப் பார்த்தேன். வலது அசைந்தது, பிறகு இடதும் அசைந்தது. என் உயிர் திரும்பி வந்தது.

“எந்திரிடா எலாடியோ, பேண்டுக்காரனுக்கு வாய் வலிக்குது” என்று மேலே இருந்து யாரோ கத்தினார்கள். ஜனங்கள் சிரித்தார்கள். அவன் கூட்டாளிகள் இரண்டு பேர் தூக்க ஓடினார்கள். ஆனால் முதலுதவிக்காரர்கள் தூரத்திலிருந்து பலகையோடு வந்துகொண்டே “தொடாதீங்க, யாரும் தொடாதீங்க” என்று கத்தவும் தயங்கி நின்றுவிட்டார்கள். அவர்களைத் தடுக்கலாம். பெற்றவளை யார் தடுப்பார்கள்? நான் கட்டைக்கு அடியில் குனிந்து உள்ளே போனேன்.

“அம்மா, கழுத்து எரியுது. தொடாதே” என்றான்.

“கால் அசையுதாடா?”

“அசையுதும்மா.”

புத்தி கலங்கியிருந்தது என்று சொன்னால் உங்களுக்கும் வசதி, எனக்கும் வசதி. ஆனால் அப்படி இல்லை. நூலில் கோத்த ரொஸ்கீயா ஞாபகம் வந்தது. இவன் பிழைத்துக்கொள்வான், நடப்பான், லிமோன் போவான் என்பதும் ஞாபகம் வந்தது. அக்குளில் கைகொடுத்து அவனைத் தூக்கினேன். மாவு மூட்டை தூக்கிப் பழகிய கை இது. அவன் தலை பின்னால் சாய்ந்தது. சின்னதாக ஒரு சத்தம் கேட்டது, ரொஸ்கீயாவைக் கடிக்கும்போது கேட்குமே, அவ்வளவுதான். அதன் பிறகு என் கையில் அவன் கனத்துப்போனான். கீழே கிடந்த தொப்பியை எடுத்து அவன் கையில் சொருகி, அந்தக் கையை நானே தூக்கிக் காட்டினேன். பேண்டு நின்றது. பெண்கள் அழுதார்கள். வாய்த்தால் இப்படி ஒரு தாய் வாய்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். “யாரோ நல்ல மனசோட தூக்கியிருக்காங்க. தப்பு சொல்ல முடியாது” என்றார். நான் அழுதேன். அது பொய்யழுகை இல்லை.

லிசெத் கொஞ்ச காலம் வந்துகொண்டிருந்தாள். நல்ல பெண். அவளிடம் நான் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. மலம் துடைக்கிற நேரத்தில் வெளியே போகாதே, பழகிக்கொள் என்று மட்டும் சொன்னேன். எலாடியோ கண்ணை மூடிக்கொள்வான். பிறகு அவள் தனியாக லிமோன் போய்விட்டாள்.

அடுத்த வருஷம்தான் இந்த யாமிலெத் வந்தாள். கை கால் பயிற்சி கொடுக்கிறவள், மருத்துவ நிலையத்திலிருந்து அனுப்பினார்கள். வந்த அன்றே துள்ளினாள்.

“எர்மினியாக்கா, தண்டுவடம் முழுசா அறுந்து போகல. கால் பெருவிரல் அசையுது பாருங்க. தலைநகர்ல மறுவாழ்வு மையம் இருக்கு. அங்க சேர்த்தா கோல் ஊன்றியாவது நிக்கவைக்கலாம். ஆனா சீக்கிரம் போகணும். கால் இறுகிப்போச்சுன்னா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.”

எலாடியோ சிரித்தான். விழுந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தான். “அம்மா, நிப்பேனாம்” என்றான். நிற்கிறவன் நடப்பான். நடக்கிறவன் எங்கே போவான் என்று எனக்குத் தெரியும்.

தசை முறுக்கத்துக்கு டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். கூடுதலாகக் கொடுத்தால் உடம்பு துவண்டுவிடும், தூக்கம் தள்ளும். டாக்டர் சோதிக்கிற நாட்களில் காலைக் காபியில் கொஞ்சம் கூடுதலாகக் கரைத்தேன். டாக்டர் விரலை அசைக்கச் சொல்வார், அசையாது. யாமிலெத்துக்கு அவமானமாகப் போகும். காலை நீட்டி மடக்கும் பயிற்சியைத் தினமும் செய்யச் சொல்லித் தந்திருந்தாள். செய்தேன் என்று சொல்லிவந்தேன். முதுகைப் பார்த்துக்கொண்டேன், காலை விட்டுவிட்டேன். ஒரு ஆள் எல்லாவற்றையும் செய்ய முடியுமா?

போன மாதம் அவன் காபியை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்து, நான் திரும்பியதும் தலையணையில் துப்பியிருக்கிறான். டாக்டருக்கு முன்னால் விரல் அசைந்தது. அவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டான். குரலை உயர்த்தவில்லை.

“அன்னைக்குக் களத்துல தொடாதேன்னு சொன்னேனே. கேட்டுச்சா?”

“கேட்டுச்சுடா.”

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அன்றிலிருந்து என் கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை. யாமிலெத் வந்து ஊட்டுகிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை, அதிகாரியம்மா. மற்ற எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன்.

இப்போது அந்த மறுவாழ்வு மையத்துக்குப் போய் என்ன பிரயோசனம்? முழங்கால் இரண்டும் மடங்கியபடியே இறுகிவிட்டன, இனி நீளாது, நிற்கமாட்டான் என்று அந்த டாக்டரே சொல்லிவிட்டார். நேற்று அவனிடம் கேட்டேன். “அங்க போய் நடக்கவாடா போறே? அங்கயும் படுக்கைதானே?”

“தெரியும்மா. வேற யாராவது என்னைப் புரட்டிப் போடட்டும்” என்றான்.

எழுதிவிட்டீர்களா? ஆமாம், தூக்கியது நான்தான். தெரிந்தே தூக்கினேன். மாத்திரை கலந்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். அவன் உயிரோடு இருக்கிறான், வீட்டில் இருக்கிறான். எத்தனை தாய்க்கு இது வாய்க்கும்?

வண்டிச் சத்தம் கேட்கிறது. அந்தப் பையன்களிடம் சொல்லுங்கள், அவசரப்பட்டு அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிடப் போகிறார்கள், அது ஆபத்து. கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். நானே தூக்கிவிடுகிறேன். என் பிள்ளையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?