மகனுடைய துவக்கு

எல்க் இறைச்சிக்கு மிளகு கொஞ்சம் கூடப் போட வேண்டும். இந்த நோர்வே நாட்டுப் பெரிய மான் அது. காட்டு வாடை லேசில் போகாது. என் மகன் ரிஷிகேசன் முதல்தடவை வேட்டைக்குப் போய்க் கொண்டுவந்த இறைச்சியை அப்படித்தான் சமைத்தேன். இரண்டாவது தடவை கொண்டுவந்ததைக் குப்பையில் போட்டேன். அதற்குள் எனக்கு விசயம் பிடிபட்டுவிட்டது.

மொழிபெயர்க்க வந்திருக்கிற பிள்ளை தமிழ்நாடு போல. துவக்கு என்றதும் விழிக்கிறாள். துப்பாக்கியைத்தான் தங்கச்சி நாங்கள் துவக்கு என்கிறது. "எதைத் துவக்குறது?" என்று நீங்கள் கேட்டதற்கு நான் சிரித்திருக்கக் கூடாது. பொலிஸ் நிலையத்தில் இருந்துகொண்டு சிரிக்கிற மனுசி என்று, விசாரிக்கிற இந்தப் பொலிஸ் அம்மா எழுதிக்கொள்ளப் போகிறா.

மகன் விரும்பியது சிந்தியா என்ற பிள்ளையை. திராமன் என்ற வேறு ஊரில் இருக்கிறார்கள். தகப்பன் எலியாஸ் அந்தக் காலத்தில் வடக்குக் கடற்கரையில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டியவர். அங்கேயே வெள்ளைக்காரரோடு திரிந்து வேட்டை பழகியவர். வேதக்காரர், கிறிஸ்தவர் என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த மனுசன் என் மகனை வேட்டைப் பரீட்சை எடுக்க வைத்தார், துவக்கு வாங்க வைத்தார், தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு சனி ஞாயிறில் எனக்குப் பிள்ளை இல்லை. வேட்டைக்காலம் முடிந்த கையோடு திராமனிலேயே வீடு எடுக்கப்போகிறேன் என்றான். புருசன் செத்த பிறகு முதியோர் இல்லத்துக் குசினியில் சட்டி கழுவி வளர்த்த பிள்ளை. ஆக்கினவள் நான், அள்ளித் தின்ன ஆட்கள் திராமனிலா? எனக்குப் பற்றி எரிந்தது.

அதைப் பற்றித்தான் ஒருநாள் குரோருட்டில் இருக்கிற எங்கள் வீட்டில் சண்டை வந்தது. "உங்களோட மல்லுக்கட்டுறதுக்குச் செத்துப்போகலாம் அம்மா" என்றான். சொல்லிவிட்டுப் புட்டையும் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தான். நாங்கள் ஒரு நாளைக்குப் பத்துத்தரம் சாகிறவர்கள்தானே. குளிரிலே செத்தோம் என்போம், வேலையாலே செத்தோம் என்போம், சிரித்துச் சிரித்தே செத்தோம் என்போம்.

அடுத்தநாள் பொலிசுக்குப் போனேன். மகன் சாகலாம் என்று சொல்கிறான், வீட்டில் துவக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை. கொஞ்சம் அழுதேன்.

இந்த நாட்டுச் சட்டம் நல்ல சட்டம். ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று பட்டால், விசாரித்து முடியும்வரை துவக்கைத் தற்காலிகமாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். வந்த பொலிஸ்காரர் வாசலில் சப்பாத்தைக் கழற்றட்டுமா என்றுகூடக் கேட்டார்கள். இரும்பு அலுமாரியைத் திறந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஆர் அம்மா சொன்னது?" என்றான் மகன்.

நான் சிந்தியாவின் பெயரைச் சொல்லவில்லை. "உன்ர மனசில கிடக்கிறது ஆருக்கடா தெரியும்? நான் படிக்காத மனுசி" என்று மட்டும் சொன்னேன். அவள்தான் என்று மிச்சத்தை அவனே யோசித்துக்கொண்டான்.

எலியாஸ் தொலைபேசியில், "தம்பி, முதல்ல சுகமாகும். எல்க் எங்கையும் ஓடிப்போகாது" என்றார். அந்தப் பெட்டை, சிந்தியா, அழைத்தபோதெல்லாம் இவன் எடுக்கவில்லை. வாசலுக்கும் வந்தாள். நித்திரை கொள்கிறான் என்று அனுப்பிவிட்டேன். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

பிறகு வந்தது நல்ல காலம். சனியும் ஞாயிறும் பிள்ளை வீட்டில். இடியப்பமும் சொதியும் வைத்துக் கொடுத்தேன். வரவரச் சாப்பாடு குறைந்தது, வேலைக்குப் போவதை விட்டான், முகம் வழிப்பதை விட்டான். துவக்கை எடுத்த கையோடு குடும்ப வைத்தியர் அவனைப் பார்த்து, ஒரு வருத்தமும் இல்லை, சுகமான ஆள் என்று பொலிசுக்கு எழுதியிருந்தார். அப்போது ஒரு வருத்தமும் இல்லைத்தானே.

ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "அம்மா, நான் இருந்து ஆருக்கு என்ன?" என்று கேட்டான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. எது வாய்ப்பேச்சு, எது உள்ளேயிருந்து வருகிற பேச்சு என்று பெற்றவளுக்குத் தெரியாதா? பார்க்க வந்திருந்த மகள் துஷ்யா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, இது பகிடி இல்லை. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்."

"நான் பாக்கிறன். நீ போ" என்றேன்.

ஆஸ்பத்திரி என்றால் கிண்டுவார்கள். முதலில் பொலிசுக்குப் போனது யார் என்ற கதை வரும். சிந்தியா வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துவிடுவாள். எனக்கு வேறு காரணம் இருக்கவில்லை.

அந்தக் கிழமைக்குள்ளேதான் பொலிசிலிருந்து அழைத்தார்கள். வைத்தியரின் கடிதம் நல்லபடியாக இருக்கிறது. நீங்கள்தானே அன்றைக்கு வந்து சொன்னீர்கள், இப்போது எப்படி இருக்கிறார் என்று மரியாதையாகக் கேட்டார்கள். அவன் எனக்கு முன்னால் சோபாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். சரியில்லை என்று சொல்லியிருந்தால் உடனே ஆள் அனுப்பியிருப்பார்கள். நன்றாக இருக்கிறான், சாப்பிடுகிறான், சிரிக்கிறான் என்றேன்.

"துவக்கைத் திருப்பித் தரப்போகினமாம் தம்பி" என்றேன் அவனிடம். அவன் முதல்தடவையாக என் பக்கம் திரும்பிப் பார்த்தான். துஷ்யாவுக்கு நான் சொல்லவில்லை. அவனுக்கு முகம் வழித்து, நல்ல சேட்டுப் போட்டுவிட்டு, நானே கூட்டிக்கொண்டு போய் எடுத்துவந்தேன். அந்தக் கோலத்தில் பார்த்தால் யார்தான் மறுப்பார்கள்? வழி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான், சின்னப் பிள்ளை மாதிரி.

அடுத்தநாள் நான் கறிவேப்பிலை வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் முடித்துவிட்டான்.

செத்தவீட்டில் துஷ்யா எல்லாருக்கும் முன்னால், "பிள்ளையையும் கிள்ளி, தொட்டிலையும் ஆட்டினனீங்கள்" என்றாள். உங்களிடம் வந்து சொன்னதும் அவள்தான் என்று எனக்குத் தெரியும். அவளோடு எனக்குக் கோபம் இல்லை. பெற்றுப் பார்த்தால் விளங்கும்.

துவக்கு வந்தால் என்ன நடக்கும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். தெரிந்துதான் முருகனுக்கு நேர்த்தி வைத்துவிட்டுப் போனேன். ஆஸ்பத்திரியில் விட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்கிறீர்கள். ஓம், பிழைத்திருப்பான். பிழைத்து, நேரே திராமனுக்குப் போயிருப்பான்.