கொல்லிமலை செல்லமுத்து என்று பேர் போட்ட படம்

— மேல வராதே சாமி. இந்தப் பஸ்ஸு திரும்பி நாமக்கல்லுக்குத்தான் போவும். இதுலயே ஏறிப் போயிரு.

— என்னக்கா இது? எறங்கி இன்னும் காலு தரையில சரியா நிக்கலை. ரெண்டு வருசம் கழிச்சு வாரேன். வாடான்னு ஒரு வார்த்தை இல்லையா?

— வாடான்னு சொல்லத்தான் நேத்து மத்தியானமே மலையெறங்கி வந்தேன். நீதான காயிதம் போட்டிருந்தே, சேந்தமங்கலத்துக் கொட்டகைக்குப் படம் வந்த மறுநா காலம்பற பஸ்ஸுக்கு வாரேன்னு. மேல நம்ம பைல் நாட்டு ஊர்ல இருந்து முப்பது பேரு எறங்குனோம். சாமை அறுப்பு பாதியில நிக்குது. அதை அப்படியே போட்டுப்போட்டு வந்தோம்.

— முப்பது பேரா? அடேங்கப்பா! அப்பன் வந்தாரா?

— அந்த முழங்காலை வெச்சுக்கிட்டு எங்க வாரது? நீ போயிப் பாத்துப்போட்டு வந்து ஒண்ணு விடாம சொல்லு கண்ணாயின்னு என்னைய அனுப்பிச்சாரு.

— பாத்தீங்களா அப்ப? பளிங்குத் தீவு ரெண்டாம் பாகம் பாத்துட்டீங்களா?

— பாத்தோம். தூ.

— துப்பறயேக்கா.

— மொதல்ல அந்த மூஞ்சியைத் துடை. கரியா அப்பிக் கெடக்குது. எனக்குக் கண்ணெடுத்துப் பாக்க முடியலை.

— கரி பஸ்ஸுல பின்னாடி உக்காந்தா அப்படித்தான். உலகச் சண்டை முடிஞ்சும் பெட்ரோலு கெடைக்கலையாம், இன்னும் கரியைப் போட்டுத்தான் ஓட்டறான். சரி, தொடைச்சாச்சு. படத்தைச் சொல்லு.

— படமா அது? கெரகம். மொதப் படத்துல ஏழு தலை நாகம் வந்துச்சே, மாமன் மவ பாப்பாயி பயந்துக்கிட்டு என்ற மடியில மூஞ்சியைப் பொதைச்சாளே, அந்த நாகம் இதுல ஒத்தைத் தலையோட வருது. மிச்ச ஆறு தலை எங்கடான்னு நம்ம அப்பாசாமி எந்திரிச்சு நின்னே கேட்டுப்போட்டான். கேட்டது காதுல விழுந்தாப்பல படத்துக்குள்ள ஒருத்தன் சொல்றான், முனிவரு சாபத்துல உதிந்துபோச்சாம். தலை என்ன சாமி, பழுத்த எலையா உதிர்றதுக்கு?

— தலைக்குள்ள கம்பி வெச்சு ஆட்டறதுக்கு ஏழு ஆளு வேணும்க்கா. கம்பெனியில ஆளைக் கொறைச்சுட்டாங்க.

— பறக்குற கட்டில்ல கயிறு தெரியுது. மாட்டைத் தொட்டிக்கு இழுத்துட்டுப் போறாப்பல ராசகுமாரனையும் ராசகுமாரியையும் ஆகாசத்துல இழுத்துட்டுப் போறாங்க. அந்த மந்திரக்காரி, மொதப் படத்துல கடலையே குடிச்சவ, இதுல ஒரு அறை வாங்கிக்கிட்டுச் செத்துப்போறா. அப்பறம் நெருப்புச் சண்டை. அதை நாங்க முன்னாடியே பாத்திருக்கோம்டா! அதே பாறை, அதே உருளல். ராசகுமாரனுக்கு இந்தப் படத்துல மீசை இருக்குது. சண்டைக்குள்ள போனா மீசை இல்லை. சண்டை முடிஞ்சு வெளிய வந்தா மறுபடியும் மீசை இருக்குது.

— அது பழைய படத்துல இருந்து எடுத்து ஒட்டுனது. பிலிமு கெடைக்கலைக்கா. பதினோராயிரம் அடிக்கு மேல படம் எடுக்கக்கூடாதுன்னு சண்டைக்காலத்துச் சட்டம். எங்க டைரக்டரு என்ன பண்ணுவாரு?

— எடுக்காம இருந்திருக்கலாம்.

— ம்.

— நாங்க என்ன கட்டிலைப் பாக்கவா எறங்கி வந்தோம்? உன்னையப் பாக்க வந்தோம். மொதல்ல எழுத்து ஓடுச்சு. அப்பாசாமிதான் அஞ்சாப்பு வரைக்கும் படிச்சவன், அவன் ஒவ்வொரு பேரா வாசிச்சுக்கிட்டே வந்தான். கடைசியில, "கொல்லிமலை செல்லமுத்து"ன்னு கத்துனான் பாரு! பாப்பாயி குலவை போட்டுட்டா. எனக்கு அழுகை வந்துபோச்சு.

— போட்டாங்களா? ஊர் பேரோட போட்டாங்களா? நெசமாவா? நான் இன்னும் படத்தைப் பாக்கலைக்கா. எங்களையெல்லாம் போட்டுக் காட்டறதுக்குக் கூப்பிடலை.

— போட்டாங்க. அதுதான் வெனை.

— ஏன்?

— பொறு, சொல்றேன். பளிங்கு வாசல் வந்துச்சு. எல்லாரும் நிமிந்து உக்காந்தோம். மொதப் படத்துல அந்த வாசல்ல நீ கதாயுதத்தைத் தூக்கிக்கிட்டு நின்ன நிப்பு இருக்குதே, ராசகுமாரனைக் குதிரையோட தலைக்கு மேல தூக்குனயே, அதை அப்பன் நாலு தடவை மலையெறங்கி வந்து பாத்தாரு. நேத்து வாசல் தெறக்குது, அங்க ஒரு தொந்திக்காரன் நிக்கறான். கதையைத் தூக்க முடியாம ஊனிக்கிட்டு நிக்கறான். நீயி எங்க? உனக்கு ஒடம்பு சரியில்லையோன்னு நெனைச்சேன்.

— அவன் பணம் போட்ட மொதலாளிக்கு மச்சான்.

— அப்பறம் அந்தக் காட்டு மனுசங்க வந்தாங்க.

— அக்கா...

— இடுப்புல தழை. மண்டையில கோழி எறகு. மூஞ்சியெல்லாம் கரி. ராணி முன்னாடி ஜும்பா ஜும்பான்னு குதிக்கறாங்க. ராணி ஆரு நீங்கன்னு கேட்டா, நாங்க மலைசாதி, எங்களுக்குச் சோறுன்னா என்னன்னு தெரியாதுங்கறாங்க. அதுல ஒருத்தன் எலியை வாலோட புடிச்சுப் பல்லுல கடிக்கறான்.

— அது மாவுல பண்ணுன எலிக்கா. உள்ள வெல்லம் வெச்சிருந்தாங்க.

— வெல்லம் வெச்சிருந்தது பெஞ்சியில உக்காந்தவனுக்குத் தெரியுமாடா? அவன் சிரிக்கறான். கொட்டகையே உருண்டு உருண்டு சிரிக்குது. சிரிச்சவன் அப்படியே திரும்பி, மண்ணுல உக்காந்திருக்குற எங்களைப் பாக்கறான். கொல்லிமலை செல்லமுத்துன்னு எழுத்துலயே போட்டாச்சே! நாங்க ஆருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. பாப்பாயி புதுச்சீலை கட்டிக்கிட்டு வந்திருந்தா. ஒருத்தன் கேக்கறான், தழையை ஏம்மணி அவுத்துப்போட்டு வந்தேன்னு.

— அய்யோ.

— பெரிய மாமன் துண்டை எடுத்துத் தலையில போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அப்பாசாமி ரெண்டு கையிலயும் மண்ணை வாரித் திரைமேல அடிச்சான். நாங்க வெளிய வந்தப்பறமும் தெருவுல பின்னாலயே ஜும்பா ஜும்பான்னுதான் கேட்டுச்சு. நாறுது சாமி. ஒடம்பெல்லாம் நாறுது. விடிஞ்சு வாய்க்கால்ல முங்கிப்போட்டு வந்து நிக்கறேன், இன்னும் போகலை. அதனால சொல்றேன், மேல வராதே. ஊர்ல வேண்டாங்கறாங்க.

— ஆரு? ஊர்க்கவுண்டரா?

— எல்லாருந்தான். போயிரு. பஸ்ஸு கெளம்பப் போவுது.

— ஏனுங்கம்மணி! நேத்து என்ற கொட்டகைத் திரையில மண்ணு வாரி அடிச்சது உங்க ஆளுதானுங்களே? வெள்ளைத் துணி முழுக்கச் செம்மண்ணு. காலையில இருந்து தொவைச்சுக்கிட்டுக் கெடக்கறோம்.

— இந்தப் பெரியவரு ஆருக்கா?

— கொட்டகைக்காரரு. அக்பர் அலி பாயி.

— இருங்க, இருங்க. தம்பி, இந்த மூஞ்சியை நான் பாத்திருக்கேனே! யா அல்லா, செல்லமுத்துதானே? எலி திங்குற ஆளு! அட, நேத்து சிரிச்ச சிரிப்புல என்ற பெஞ்சி ரெண்டு ஒடிஞ்சுபோச்சுப்பா. படம் படு குப்பை, அதை நான் மறைக்க மாட்டேன். பாதியில எந்திரிக்கப் பாத்தவனையெல்லாம் உக்கார வெச்சது நீதான்.

— அப்படிங்களா.

— கோவிச்சுக்கலைன்னா ஒண்ணு கேக்கறேன். இன்னைக்குச் சாயந்தரம் நோட்டீசு வண்டி போவுது, தம்பட்டத்தோட. நீயி அந்தத் தழையைக் கட்டிக்கிட்டு வண்டி மேல ஒரு சுத்து வந்தயின்னா போதும், முள்ளுக்குறிச்சி வரைக்கும் சனம் திரண்டு வந்துரும்.

— பாயி! உங்களுக்கு அக்கா தங்கச்சி இல்லைங்களா?

— நீ பேசாம இருக்கா. பாய், நான் ஒண்ணு கேட்டுக்கறேன். மொதப் படத்துல வாசல்காரனா நின்னேனே, அந்த வேசத்துல கதையோட வண்டியில நின்னாப் போதுங்களா?

— அதை ஆரு தம்பி பாக்க வருவா? எலிக்காரன் எலிக்காரன்னுதான் கடைத்தெருவுல பேச்சு.

— அப்ப என்னால ஆகாதுங்க.

— ரோசனை பண்ணிச் சொல்லு.

— பண்ணிட்டேன். திரையில நடிக்கச் சொன்னாங்க, நடிச்சுப்போட்டேன். எங்க மலைக்குப் போற வழியில, எங்க சனம் மொளகும் உப்பும் தூக்கிக்கிட்டு நடக்குற ரோட்டுல, தழையைக் கட்டிக்கிட்டு என்னால வர முடியாதுங்க. நீங்க போங்க.

— ம்... தப்பா நெனைக்காதே தம்பி. நான் யாவாரி, வாய் அப்படிக் கேட்டுப்போச்சு. எங்க ஊட்டுல ஜொஹ்ரா நேத்தே சொன்னா, அந்த எடம் வந்தப்போ மண்ணுல உக்காந்திருந்த பொம்பளைங்களைப் பாக்கச் சங்கடமா இருந்துச்சுன்னு. வாரேன் அம்மணி.

— போனாரு பாரு. நெளிஞ்சுக்கிட்டே போறாரு. ஏன் சாமி, அவருகிட்ட ஆகாதுன்னு சொன்ன வாயி அங்க எங்க போச்சு?

— அங்கயா?

— அங்கதான். தழையைக் கட்டுடான்னு சொன்னப்போ.

— ஆறு நாளு அந்தப் பளிங்கு வாசலுக்கு முன்னாடி நின்னேன்க்கா. ரெண்டாம் பாகம்னா வாசல்காரன் நான்தான்னு கெடந்தேன். ஏழாம் நாளு அந்த மச்சான் வந்து என்ற கவசத்தை மாட்டிக்கிட்டான், பின்னாடி பொத்தான் சேரலை, கயிறு போட்டுக் கட்டுனாங்க. எனக்கு வேலை இல்லைன்னு ஆச்சு. கெஞ்சிக்கிட்டு நின்னேன். டைரக்டரு, நீ எந்த ஊர்டான்னாரு. நெஞ்சை நிமித்திக்கிட்டுக் கொல்லிமலைங்கன்னேன். அப்ப உனக்கு வேசமே போட வேண்டாம், தழை மட்டும் போதும்னாரு. சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. நானுஞ் சிரிச்சேன்.

— நீ எதுக்குச் சிரிச்சே?

— பெரியவங்க சிரிக்கறாங்களே, நாம சும்மா நின்னா நல்லா இருக்காதேன்னு. வெளங்கறதுக்கு ரெண்டு நாளு ஆச்சு. அதுக்குள்ள பாதி எடுத்துப்போட்டாங்க.

— விட்டுப்போட்டு வந்திருக்கலாமே!

— வந்திருக்கலாம். வந்து அப்பன்கிட்ட என்ன சொல்லுவேன்? வாசல்ல வேற ஆளு நிக்கறான்னா? கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்க்கா. எழுத்துல என்ற பேரைப் போடுங்க, ஊர் பேரோட சேத்துப் போடுங்கன்னு கேட்டேன். அப்பன் பேரு வாசிக்கக் கேட்டாச் சந்தோசப்படுவாருன்னு. வேற எதைக் கேட்டாலும் தட்டுறவங்க, அதை மட்டும் தட்டலை.

— கெரகம் புடிச்சவனுங்க.

— நான் மேல போறேன்.

— வேண்டாம்.

— ஊர்க்கவுண்டரு கால்ல விழறேன். கோயில் முன்னாடி வெச்சுக் கேக்கட்டும். பாப்பாயிகிட்டயும் மன்னிச்சுக்கன்னு கேக்கறேன். அப்பறம் அப்பன்கிட்ட நானே சொல்றேன், வாசல்ல நின்னது நானில்லை, எலி தின்னதுதான் நான்னு. அடுத்தவங்க வாயில இருந்து அவரு கேக்கக்கூடாது. நகரு.

— முத்து, சொன்னாக் கேளு.

— கவுண்டரு என்ன வார்த்தை சொன்னாரு? அதையாச்சும் சொல்லு. தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்.

— பஸ்ஸுல ஏறு சாமி.

— என்ற மூஞ்சியைப் பாத்துச் சொல்லுக்கா.

— கவுண்டரு நேத்து வரவே இல்லை.

— அப்ப மாமனா? பாப்பாயியா? அப்பாசாமியா?

— ஒருத்தருஞ் சொல்லலை. மாமன் அழுதுக்கிட்டே சொன்னாரு, புள்ளை பட்டணத்துல பட்டினி கெடந்திருப்பான், இல்லாட்டி இதுக்குச் சம்மதிப்பானா, கண்ணாயி, நீ இருந்து கையோட மேல கூட்டியாந்துருன்னு. பாப்பாயி இன்னைக்கு உனக்குச் சாமைச்சோறு ஆக்கி வெக்கறேன்னுட்டுத்தான் விடிய மலையேறுனா. அப்பாசாமி, இனிமே அவனை எங்கயும் அனுப்பக்கூடாதுங்கறான். எல்லாரும் வரட்டும்னுதான் சொன்னாங்க.

— அப்ப வராதேன்னது?

— நாந்தான்.

— நீயா? ஏன்க்கா? உனக்கு என்னையப் பாக்கவே அருவருப்பா ஆயிப்போச்சா?

— உன்னையப் பாத்து இல்லை சாமி. மூஞ்சியில கரி இருந்துச்சு, அப்பாசாமி சொல்ற வரைக்கும் நீயின்னு எனக்குத் தெரியலை. ஆரோ ஒரு கோமாளின்னு நெனைச்சுக்கிட்டேன். எலியைக் கடிச்சப்போ வயித்தைப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர வர... அந்தக் கொட்டகையில மொதல்ல சிரிச்சது நாந்தான்டா.