வெள்ளை என்று எழுத வேண்டாம்

முதலில் உங்களுக்கு ஒரு நன்றி சொல்லிவிடுகிறேன். இந்த முறை நல்ல வெள்ளைத் தாளாக வாங்கி வைத்திருக்கிறீர்கள். போன மாதம் என் முதல் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டீர்களே, அது பழுப்பேறிய தாள். கடைக்காரன் பழைய சரக்கை உங்கள் தலையில் கட்டிவிட்டான் என்று அப்போதே நினைத்தேன். வந்த இடத்தில் குறை சொல்வானேன் என்று விட்டுவிட்டேன். இடையில் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்திருக்கிறீர்கள். என் கண்ணில் கட்டு இருந்த அந்த ஒரு வாரத்துக்குள் சத்தமில்லாமல் முடித்திருக்கிறார்கள். கைதேர்ந்த ஆட்கள்.

ஆபரேஷன் செய்த கண் டாக்டரையும் குறை சொல்ல மாட்டேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, இத்தனை வருஷம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். வயசானால் எல்லாருக்கும் வருவதுதானே. எழுத்து கொஞ்சம் மங்கும், படியில் கால் தடுக்கும், அவ்வளவுதான். நிறத்துக்கும் புரைக்கும் ஏதோ சம்பந்தம் இருப்பதாக அவர் ஆரம்பித்தார். டாக்டருக்குக் கண்ணைப் பற்றித் தெரியும், நிறத்தைப் பற்றி எனக்குத் தெரியும் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். ‘இறந்தவர் வெள்ளைச் சாமந்திப் பூக்களுக்கு நடுவே குப்புறக் கிடந்தார்’ என்று அதில் ஒரு வரி. என்மேல் சந்தேகம் என்று எழுதியிருப்பதைப் பொறுத்துக்கொள்வேன். அந்தப் பூவை வெள்ளை என்று எழுதியிருப்பதைப் பொறுக்க முடியாது. அந்தச் சாவு விபத்து என்று நான் முன்பு சொன்னதையும் கையோடு திருத்திவிடலாம். எழுதிக்கொள்ளுங்கள்.

பூக்களை வருணிப்பது என் தொழில். கவிஞன் என்று நினைத்துவிடாதீர்கள், எனக்கு அந்த வியாதி இல்லை. யாராவது புதிதாக ஒரு சாமந்தி ரகம் உண்டாக்கினால் அதைப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். செடி எத்தனை விரற்கடை உயரம், இலை எப்படிப் பிளந்திருக்கிறது, வெளி அடுக்கில் எத்தனை இதழ், மணம் உண்டா, என்ன நிறம் என்று படிவம் நிரப்ப வேண்டும். நிறத்தைப் பார்க்க நிற அட்டைக் கட்டு ஒன்று உண்டு. இதழை அட்டைமேல் வைத்து ஒத்துப்போகும் எண்ணை எழுதுவோம். முப்பத்தோரு வருஷம் அந்தக் கட்டோடு திரிந்ததால் எனக்கு அட்டைக்காரர் என்றே பெயர். ஊரான் பெற்ற பிள்ளைக்கெல்லாம் அங்க அடையாளம் எழுதிக்கொடுத்தேன். எனக்கென்று ஒரு பூ இல்லை. இதை வருத்தமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

தோட்டம் மாமனார் விட்டுப்போனது. அதை நடத்தியது என் மைத்துனன், மனைவியின் தம்பி. நல்ல உழைப்பாளி, கைராசிக்காரன். அவன் நட்டால் உலர்ந்த குச்சிகூட வேர் விடும். ஆனால் வருணிக்கத் தெரியாது. எந்தப் பூவைக் காட்டினாலும் ‘சூப்பரா இருக்கு மாமா’ என்பான். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நானே தூரிகையை எடுத்தேன். எங்கள் தோட்டத்துப் பழைய பால்வெள்ளைச் சாமந்தியைத் தாயாக வைத்து, மஞ்சள் ரகம் ஒன்றின் மகரந்தத்தைத் தொட்டுவைத்தேன். விதையிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு நாற்று வந்தது. நானூற்றுப் பதினொன்று சாதாரண மஞ்சள். ஒன்றே ஒன்று, பாலில் ஒரு சொட்டுத் தேன் கரைத்த நிறம். அப்படி ஒரு நிறத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அன்று நான் அழுதேன். தேன்துளி என்று அங்கேயே பெயரும் வைத்துவிட்டேன்.

மைத்துனன் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். “தப்பா நினைக்காதீங்க மாமா. இது தாயை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு. தாய்ப்பூவோட சொந்த மகரந்தமே விழுந்திருக்கும். நூலளவுகூட வித்தியாசம் தெரியல.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அட்டையை வைத்துப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்த்தேன். முதல் எண் வெள்ளை அட்டையே பழசாகி மஞ்சளடித்துப் போயிருந்தது. புதுக்கட்டு வரவழைத்தேன், அதுவும் மஞ்சள். இந்தக் காலத்தில் எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை. பால்காரர் பாலில் எதையோ கலந்தார். பெயிண்டர் வெள்ளை என்று சொல்லிப் பழுப்பை அடித்தார். ஞாபகத்தில் இருந்த வெள்ளையை மட்டும்தான் நம்ப முடிந்தது. அதை வைத்துத்தான் எழுதினேன்.

என் மனைவிக்கு இதெல்லாம் புரியவில்லை. “பால்காரர்கிட்ட சண்டை, பெயிண்டர்கிட்ட சண்டை, சட்டை வெளுக்கலைன்னு என்கிட்ட சண்டை. ஊரே கூடி உங்க ஒருத்தரை ஏமாத்துதா? போய்க் கண்ணைக் காட்டுங்க” என்றாள். அந்தக் கேள்வியை ஒரு வாரம் நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். ஏமாற்றத்தான் செய்கிறது என்று தெரிந்தது.

புது ரகம் பழைய ரகத்திலிருந்து வேறுபட்டது என்று காட்ட இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் பூக்க வைக்க வேண்டும். பதிவு அலுவலகத்து ஆய்வாளர் வந்து பார்ப்பார். எங்கள் வீட்டு இருட்டுக்கொட்டகையில்தான் நட்டோம். சாமந்திக்கு நீண்ட இரவு வேண்டும். தினமும் நாலு மணிக்கே கொட்டகைமேல் கறுப்புத் துணியை இழுத்துவிட்டால், ராத்திரி வந்துவிட்டதென்று நம்பி மொட்டு வைக்கும். பூக்களை ஏமாற்றுவது சுலபம். தேன்துளியை நான் நட்டேன். பழைய பால்வெள்ளையை மைத்துனன் நட்டான். அங்கேதான் நான் அசந்துவிட்டேன்.

பூத்தபோது இரண்டு பாத்தியும் தேன் நிறம்.

வேறு ஒருவனாக இருந்தால் தன் கண்ணையே சந்தேகப்பட்டிருப்பான். காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று ஒரு பழமொழி உண்டு. அது சந்தேகப் பிராணிகளுக்குச் சொன்னது, எனக்குப் பொருந்தாது. நான் நிதானமாக யோசித்தேன். பழைய பாத்தியில் தேன் நிறம் வர ஒரே வழிதான் இருக்கிறது. என் செடியில் குச்சி ஒடித்து, வேர்விட வைத்து, பழைய ரகத்தின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் அவன் நட்டிருக்கிறான். ஆய்வாளர் வருவார், இரண்டும் ஒன்றுதானே என்று சிரிப்பார், அட்டைக்காரர் மானம் கப்பலேறும். அவன் கைராசிக்காரன் என்று சொன்னேன் அல்லவா?

ஆய்வாளர் வர நான்கு நாள் இருந்தபோது சமையலறையில் அக்காவும் தம்பியும் பேசுவது காதில் விழுந்தது.

“ஆய்வாளர் வர்றதுக்குள்ள மாமாகிட்ட சொல்லிடணும் அக்கா. நாலு பேர் முன்னாடி மாமா தலைகுனியக் கூடாது.”

“நீயே பக்குவமாச் சொல்லுடா தம்பி. நான் வாயைத் திறந்தா எரிஞ்சு விழுவாரு.”

மறுநாள் அவன் என்னிடம் வந்து, “நாளைக்குக் காலையில ஒரு இடத்துக்குப் போயிட்டு வந்துடுவோம் மாமா. எங்கேன்னு மட்டும் கேக்காதீங்க” என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன்.

கொட்டகையில் பூச்சிக்குப் புகை போடுவோம். துணியை இழுத்துவிட்டு, தகர டப்பாவில் மருந்தைப் பற்றவைத்து உள்ளே வைத்து, வெளித் தாழ்ப்பாளைப் போட்டால் மறுநாள் காலைவரை யாரும் திறக்கக் கூடாது. மூச்சில் பட்டால் ஆபத்தான புகை. அதற்காக மாமனார் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு பித்தளை வில்லை. உள்ளே போகிறவர் வாசல் ஆணியில் தன் வில்லையை மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். புகை போடுகிறவர் முதலில் ஆணியைப் பார்க்க வேண்டும். என்னுடையது வட்டம், அவனுடையது சதுரம், மனைவியினுடையது முக்கோணம்.

அவன் அப்படிக் கூப்பிட்ட அன்றே நாலு மணிக்கு ஆணியில் சதுரம் தொங்கியது. இரண்டு பாத்தியிலிருந்தும் ஒவ்வொரு பூ பறித்து வரப் போயிருந்தான். வில்லை இல்லை என்று உங்களிடம் முன்பு சொன்னேன். இருந்தது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். டப்பாவைப் பற்றவைத்து உள்ளே தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டேன். பக்கத்து மேசையில் உட்கார்ந்து, படிவத்தில் விட்டுப்போயிருந்த கட்டங்களை நிரப்பினேன்.

“மாமா, நான் உள்ள இருக்கேன்” என்று தட்டினான். பிறகு பேசவில்லை, தட்டினான். தேன்துளிக்கு வெளி அடுக்கில் முப்பத்து நான்கு இதழ். எண்ணுகிற பழக்கம் எனக்கு உண்டு. அவன் முப்பத்தொன்றில் நின்றுவிட்டான். மணம் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன்.

அவனுடைய சட்டைப்பையில் இருந்த சீட்டை எனக்குக் காட்டினீர்கள். கண் ஆஸ்பத்திரிச் சீட்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு, என் பெயரில். அதைக் காட்டியபோது உங்கள் குரல் கொஞ்சம் தழுதழுத்தது, கவனித்தேன். நீங்கள் இளகிய மனசுக்காரர். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். எனக்குக் கண் தெரியவில்லை என்று டாக்டரிடமே எழுதி வாங்கி, அட்டைக் கட்டை என் கையிலிருந்து பிடுங்கத்தானே அவன் திட்டம் போட்டிருக்கிறான்? அதை நிரூபிக்க அந்தச் சீட்டைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

மைத்துனனைக் கொன்றது நான்தான். அவன் போய் நாற்பது நாளாகிறது. சாப்பாட்டில் எனக்குக் குறையில்லை, நன்றாகத் தூங்குகிறேன்.

மிச்சம் ஒன்றுதான். நேற்று நீங்கள் இரண்டு பாத்தியிலிருந்தும் ஒவ்வொரு பூ கொண்டுவந்து என் முன்னால் வைத்தீர்கள். “இப்ப பாத்துச் சொல்லுங்க” என்றீர்கள். பார்த்தேன். இரண்டும் வெள்ளை, பால்வெள்ளை. ஒரு சொட்டுத் தேன் இல்லை. நான் உடைந்து அழுவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போலிருக்கிறது. உங்களுக்குத் தோட்ட வேலை பழக்கமில்லை, அதனால் புரியவில்லை. அவன் போன பிறகு தோட்டத்தில் தனியாக இருந்தது யார்? என் தேன்துளியை வேரோடு பிடுங்கிவிட்டு இரண்டு பாத்தியிலும் பழைய செடியை நட்டுவைக்க யாரால் முடியும்?

செவ்வாய்க்கிழமை என் மனைவி என்னைப் பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, “இப்பவாவது தெரியுதாங்க?” என்று கேட்டுவிட்டு அழுதாள். நன்றாகத் தெரிகிறது என்றேன். அவள்மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை, ஐயா. இருபத்தாறு வருஷம் எனக்குச் சமைத்துப் போட்டவள். என்றைக்காவது என்னை விடுவீர்கள், அன்றைக்குப் பேசித் தீர்த்துக்கொள்கிறோம்.

கையெழுத்துப் போடுகிறேன், பேனாவைக் கொடுங்கள். அதற்கு முன் ஒரு சின்ன உதவி. கொட்டகைக்குள் போகும்போது அவள் அந்த முக்கோண வில்லையை இன்னும் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போகிறாளா என்று யாரையாவது கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.